வெல்லக்கட்டிக்குப் போகும் தடம்

எறும்புகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தின்ன எதையாவது கண்டவள் வீடு திரும்பும்போது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே வருவாள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

பவளம் என்ற எறும்புக்கு அடுப்படி மூலையில் பெரிய வெல்லக்கட்டி ஒன்று கிடைத்தது. "நான் அலைஞ்சு கண்டுபிடிச்சது. ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?" என்று வயிற்றைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்தாள். எல்லோரும் போகிற சுவரோரத் தடத்துக்கு வந்த பிறகுதான் இறக்கினாள்.

மறுநாள் அவளாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிடித்துக்கொண்டு போக வாசனை இல்லையே. கால் ஓய்ந்ததுதான் மிச்சம். மழை வேறு பிடித்துக்கொண்டது. புற்றில் எல்லோருக்கும் அரை வயிறுதான்.

மழை விட்ட அன்று புதுத்தடம் ஒன்று மணந்தது. பசியோடு அதன் பின்னாலேயே போனாள். முடிவில் இருந்தது அதே வெல்லக்கட்டி. ஊரே மொய்த்திருந்தது. தடம் போட்டவள் ஒரு கால் இழந்த காத்தாயி. "வா பவளம், இந்தப் பக்கம் நல்லா இளகியிருக்கு" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

பவளம் அவள் பக்கத்தில் போய் நின்றாள். "எப்படிக் காத்தாயி கண்டுபிடிச்சே?"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? சுவரோரம் வரைக்கும் யாரோ எப்பவோ போட்ட தடம் இருந்தது. கடைசி ஒரு சாண்தான் நான் போட்டது."

திரும்பும்போது பவளம் வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"போதும்டி, வாசனை மீசையைத் துளைக்குது" என்றாள் பின்னால் வந்த காத்தாயி.

பவளம் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.