முதல் சிரட்டை

மூன்றாவது வருடமும் எல்லோரும் ஃபெயில். பேருக்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

சைலஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைநகர் போர்ட் விலாவிலிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் குலுங்கி, குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்து, முதியோர் கல்வி ஆய்வாளர் இந்தச் சின்னத் தீவுக்கு வந்து சேர்ந்தது இதைப் பார்க்கத்தானா?

தேர்வு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. கப்பல் வரும் நாளைச் சொல்லும் ஒரு சின்ன அறிவிப்பு. அதை வாசித்து, கேட்ட கேள்விகளுக்கு நாலு வரி எழுத வேண்டும். அத்தனை பேரின் தாளும் இரண்டாவது வரியோடு நின்றிருந்தது.

காப்பியடிக்கிறவர்கள் நன்றாக எழுதுகிற ஆளைப் பார்த்து அடிக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டார்.

ஒருவரும் தேறாமல் மூன்று வருடம் போனால் வகுப்பை மூடிவிட வேண்டும், நூலகப் புத்தகங்களைப் பக்கத்துத் தீவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அரசாங்கத்தின் திட்டம் அது. திட்டத்தை எழுதியவர்களில் சைலஸும் ஒருவர்.

"என்னதான் சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்?"

"எல்லாம் சொல்லிக் குடுத்தேன் சார்" என்றாள் லெய்பாகோவா.

"அப்புறம் ஏன் இப்படி?"

அவள் அறையின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே ஊர்த் தலைவர் கலோபோங் தன் தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். எந்தக் காலத்திலோ, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்து, ஊர்க் கடற்கரையில் பாதியை ஓர் ஓட்டல் முதலாளிக்குப் பறிகொடுத்தவர். இன்னொரு முறை அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்த வயதில் படிக்க உட்கார்ந்தார்.

"நம்ம ஊரே இப்படித்தான் தம்பி" என்று சைலஸைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாருக்கும் மண்டை கெட்டி. நான் ஒருத்தன் மட்டும்னா, வெட்கப்பட்டு முதல் வருஷமே ஓடிப் போயிருப்பேன்."

சைலஸுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலையே புத்தகங்களைக் கட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான். சாயங்காலம் ஊர் மன்றத்தில், லேசாகப் போதை தரும் காவா வேரை இடித்துக் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். களைப்பில் சைலஸ் முதல் சிரட்டைக்குக் கையை நீட்டிவிட்டார். ஊற்றிக்கொண்டிருந்த மாசோய் அதை நாசூக்காகப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவனும் அந்த வகுப்புதான்.

"தலைவர் குடிக்கட்டும் சார். அவருக்கு முன்னாடி இங்க யாரும் வாய் வைக்க மாட்டோம்."

சைலஸுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தெரியாத வழக்கமா என்ன? காசு கொடுத்தவன் குடிக்கும் நகரத்துக் கடைகளில் பழகிய கை, மறந்துவிட்டது.

மறுநாள் காலை புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ கதை வாசிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பலா மரத்தடியில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, லெய்சோங் என்ற பெண் படித்துக்கொண்டிருந்தாள். சுறாவுக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல். ஓரிடத்திலும் தடுமாற்றமில்லை.

நேற்று இரண்டு வரிக்கு மேல் எழுதாதவள்.

"எல்லாம் நடிப்பா?" சைலஸ் லெய்பாகோவாவிடம் பாய்ந்தார். "தேறிட்டா வகுப்பு முடிஞ்சிடும்; நடந்தாத்தான் சோலார் விளக்கும் பிஸ்கட்டும் வரும். அதுக்குத்தானே இந்த நாடகம்? அரசாங்கம் என்ன ஏமாளியா?"

லெய்பாகோவாவின் முகம் சுண்டிவிட்டது. "மெதுவாப் பேசுங்க சார்" என்றாள்.

அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார். குளித்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த சட்டையைப் போட்டிருந்தார்.

"கப்பல் கிளம்புறதுக்குள்ள இன்னொரு தடவை உக்காந்து பாக்கட்டுமா தம்பி? நேத்து நேரம் பத்தல."

வேண்டாவெறுப்பாக வேறொரு தாளை நீட்டினார் சைலஸ்.

தலைவரின் விரல் எழுத்துக்கு அடியில் நத்தையாக ஊர்ந்தது. உதடுகள் முணுமுணுத்தன. முதல் வரி. இரண்டாவது வரி. நெற்றியில் வேர்வை பொடிந்தது. கரையோரம் கப்பல் ஊதியது. தலைவரின் பேனா நின்றது.

சைலஸ் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கப்பலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லி ஆளனுப்பினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. அந்த வேர்வையைப் பார்த்த பிறகு வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

மூன்றாவது வரி. நான்காவது வரி.

எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தப்பில்லை.

"தேறிட்டீங்க தலைவரே."

கிழவர் தாளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மனைவியிடம் காட்ட வீட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். சைலஸுக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை மூடத் திரும்பினார்.

வாசலில் மொத்த வகுப்பும் நின்றுகொண்டிருந்தது. ஆளுக்கொரு பேனாவோடு.

"உங்களுக்கு என்ன வேணும்?"

முன்னால் நின்ற மாசோய் தெருவைத் திரும்பிப் பார்த்தான். தலைவர் வீட்டுக்குள் போய்விட்டார் என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"முதல் சிரட்டையைத் தலைவர் குடிச்சிட்டார் சார். இப்ப எங்களுக்கும் தாள் குடுங்க."