பேர் சொல்லாத கூப்பாடு

ஒலிபெருக்கியில் ராக்கெட் கிளம்பிக்கொண்டிருந்தது.

ராயபுரம் பார்க்கில் உட்கார்ந்திருந்த எங்கள் குப்பத்துப் பெண்கள் அந்த இரைச்சலுக்குக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னாடி இது, பம்ப் ஸ்டவ்வு பத்த வெச்சாமாரி கீது. இதுல ஏறிகினு வானத்துக்குப் போவானாமே" என்றாள் பவுனம்மாள். என் வீட்டுக்காரருக்கு அத்தைமுறை அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் காத்திருந்தது ராக்கெட்டுக்காக இல்லை. ரேடியோ நிலையத்துக்குப் போயிருக்கிற என் மாமியார் அங்கம்மாவின் குரல் கடைசிக் காட்சியில் நேராக வரப்போகிறது.

நாடகத்தை எழுதிய ஜஹாங்கீர் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. மவுண்ட் ரோட்டில் பார்த்த ஒரு இங்கிலீஷ் படத்தை அவர் ரேடியோ நாடகமாக்கியிருந்தார். நட்சத்திரத்துக்குத் தனியாகப் போகிற ஒருவன் வழி தவறிவிடுகிறான். படம் முடியும்போது அவனைப் பெற்றவள் மொட்டை மாடியில் நின்று மேலே பார்க்கிறாள். ஒரு வெளிச்சப் புள்ளி அணைகிறது. பேச்சே கிடையாது.

"கண்ணுல பாக்கறத காதுக்கு எப்டிக் காட்டறது அங்கம்மாக்கா? நீ கரையில நின்னு கூப்டுவியே, அத வந்து கூப்டு. எனக்குப் போதும்" என்று வீட்டுக்கே வந்து கெஞ்சினார்.

அது என்னவென்று உங்களுக்குத் தெரியாதே, சொல்கிறேன். பனியில் கரை தெரியாமல் கட்டுமரம் தடுமாறினால், பெண்கள் வாயருகே கை குவித்து 'ஓ…வ்' என்று இழுப்போம். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வந்து சேர்வார்கள். அங்கம்மா அத்தை இழுத்தால் எண்ணூரில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள்.

பேரை மட்டும் சொல்லமாட்டோம்.

கடலுக்குப் போனவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஒரே ஒரு தடவைதான். இனி வரமாட்டான் என்று ஆன பிறகு, பெற்றவள் அலையில் நின்று கூப்பிடுவாள். அது காதில் விழுந்ததும் அவன் பெண்டாட்டி பொட்டை அழித்துவிட வேண்டும்.

ஐப்பசிப் புயலில் போன என் வீட்டுக்காரர் தேசப்பன் மாசி வந்தும் வரவில்லை.

அத்தை கூப்பிடவில்லை. ஊர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. அதிகம் சொன்னவள் பவுனம்மாள்தான். "எம்புள்ள வருவான்" என்பாள் அத்தை. சொல்லிவிட்டு என் நெற்றியைப் பார்ப்பாள்.

ஜஹாங்கீரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பேர் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்றார். பிறகு ரேடியோ நிலையத்தின் அறையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். சுவரெல்லாம் மெத்தை மாதிரி இருக்குமாம். கதவை மூடிவிட்டால், உள்ளே என்ன கத்தினாலும் வெளியே இருப்பவனுக்குக் கேட்காதாம். மைக்கின் முன்னால் நின்று பேசுவது மட்டும்தான் ஊருக்குப் போகுமாம்.

அத்தை அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பார்க்கில் இப்போது கடைசிக் காட்சி.

'ஓ…வ்.'

சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். ரேடியோவை விட்டுவிட்டுக் கடல் பக்கம் பார்த்தார்கள்.

மறுபடியும் 'ஓ…வ்.'

அதோடு நாடகம் முடிந்து வாத்தியம் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. ஒலிபெருக்கி சும்மா இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள், தூரத்தில் யாரோ சுவரோடு பேசுவதுபோல் ஒரு குரல். கூவவில்லை. சோறு ஆறுகிறதே, வா என்று கூப்பிடுகிற குரல்.

"தேசப்பா… போய்ட்டியா நைனா."

அப்புறம் வாத்தியம் வந்தது.

ஒவ்வொரு கண்ணாக என் நெற்றிக்கு வந்தது. என் கை தானாக மேலே போயிற்று.

பவுனம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையலை உடைக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கையைக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவ மூஞ்ச இன்னாத்துக்குப் பாக்கறீங்கோ? ரேடியோ பேஜாரு பண்ணிச்சி. கடைசில ஒண்ணியும் கேக்கல. இல்ல, எவளுக்காச்சும் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள்.

ஜஹாங்கீர் பின்னால் ஒரு நாள் எனக்குச் சொன்னார். கூப்பிட்டு முடித்ததும் அத்தை ஓரமாக ஒதுங்கி, மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாளாம். சாமி கும்பிடுகிறாள் என்று அவர் நினைத்தாராம்.

கடல் இல்லாத இடம். நான் இல்லாத இடம். கதவும் மூடியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள் மாதிரி இருந்தாள்.

"கேட்டியாடி வேம்பு?"

"ரேடியோ ரிப்பேரு அத்தே. கடைசில ஒண்ணும் கேக்கல."

அத்தை என் நெற்றியைப் பார்த்தாள்.

"போவுது வுடு" என்றாள். மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மல்லிகைச் சரம்.

"திரும்பு. வெச்சி வுடறேன்."

நான் திரும்பி உட்கார்ந்தேன்.

பூ வைத்து முடித்த பிறகும் அவள் கை என் தலையிலேயே இருந்தது. நானும் திரும்பவில்லை.