நாற்பத்தேழாவது அடிக்குறிப்பு

“அந்த ஆள் எங்க சார்? உயிரோட இருக்காரா, இல்லையா?”

மமதா கேட்டதும் சேஷகிரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பக்கம் அவளுக்குச் சுழலும் நாற்காலி.

“இருக்காரும்மா. நல்லாத்தான் இருக்காரு.”

“அப்ப கூட்டிட்டு வாங்க.”

இது போலீஸ் ஸ்டேஷன் அல்ல. பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரியின் ஆய்விதழ் அலுவலகம். சேஷகிரி அங்கே இருபது வருடமாகப் பேராசிரியர், மமதா நான்காம் ஆண்டு மாணவி. சட்ட ஆய்விதழை நடத்துவது மாணவர்கள்தான். வாத்தியார் எழுத வேண்டும், பிள்ளைகள் திருத்த வேண்டும். வேறு எந்தப் படிப்பிலும் இந்தக் கூத்து கிடையாது.

அதிலும் மமதா ஒரு மாதிரி. ‘பெங்களூரில் போக்குவரத்து நெரிசல் உண்டு’ என்று அவர் எழுதியதற்கு ஆதாரம் கேட்டாள். மூன்று கொடுத்தார். ஒன்று பழையது என்று திருப்பி அனுப்பினாள்.

இப்போது நாற்பத்தேழாவது அடிக்குறிப்பில் வந்து நிற்கிறாள்.

“‘பதினெட்டு வருஷமா கர்ச்சீஃப் விக்கிறேன், இந்தப் பிளாட்பாரம்தான் என் ஆபீஸ்.’ சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் வியாபாரி முனிராஜ் உங்ககிட்ட நேர்ல சொன்னதா போட்டிருக்கீங்க. சரிபார்ப்பு பாரத்துல அவர் கையெழுத்து வேணும் சார். அதுதான் ரூல்.”

“போன் நம்பர் வாங்காம விட்டுட்டேனே.”

“அப்ப நானே போய்த் தேடறேன். வெள்ளிக்கிழமை இதழ் பிரஸ்ஸுக்குப் போகுது. ஆள் கிடைக்கலைன்னா உங்க கட்டுரை அவுட். முப்பது பக்கம் காலியா நிக்கும். பிரின்சிபால் என்னைத்தான் பிடிப்பாரு, உங்களை இல்ல.”

அந்தக் கட்டுரை வந்தால்தான் சேஷகிரிக்குப் பதவி உயர்வு. ஆனால் முனிராஜ் கிடைக்க மாட்டார், ஏனென்றால் முனிராஜ் என்று ஒருவரே கிடையாது. நேர்காணலுக்குப் போக வேண்டிய அன்று நல்ல மழை. வீட்டிலேயே உட்கார்ந்து, தானே கேட்டு, தானே பதில் சொல்லி எழுதிவிட்டார்.

இரண்டு நாள் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை நேராகப் பத்திரப் பதிவு அலுவலக வாசலுக்குப் போனார். அங்கே மரத்தடியில் ஓஸ்வால்ட் உட்கார்ந்திருந்தார். நிலம் விற்றாலும் சரி, வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்தாலும் சரி, சாட்சிக் கையெழுத்துக்கு அவர்தான். சட்டம் படித்தவர்களுக்கு அவசரத்தில் ஞாபகம் வரும் ஒரே முகம் அது.

“கையெழுத்து மட்டும் இல்ல ஓஸ்வால்ட். கொஞ்சம் பேசவும் வேணும். உங்க பேரு இன்னைக்கு முனிராஜ். கர்ச்சீஃப் விக்கிறீங்க.”

“ஆவட்டும் சார். பதினெட்டு வருஷமா விக்கறேன்னு சொல்லிக்கட்டா?”

சேஷகிரிக்குச் சிலிர்த்தது. சொல்லிக்கொடுக்காமலே வருகிறதே. தொழிலில் ஊறியவர் என்றால் இவரல்லவா என்று நினைத்துக்கொண்டார்.

“அப்படியே சொல்லுங்க. அங்க ஒரு பொண்ணு இருக்கும். இருபது கேள்வி கேக்கும். அசரவே கூடாது.”

“கேஜிஎஃப்காரன் சார் நானு. எங்கப்பா சுரங்கத்துல எறங்குனவரு. நான் ஒரு பொண்ணுக்குப் பயப்படுவனா?”

அலுவலகக் கதவைத் திறந்ததும் மமதா எழுந்தாள். “சார், நானே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன், அந்த நாப்பத்தேழு...”

“ஒண்ணும் சொல்லாதம்மா. மூல ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன். இவர்தான் முனிராஜ்.” சேஷகிரி ஒதுங்கி வழிவிட்டார்.

மமதா ஓஸ்வால்டைப் பார்த்தாள். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ஓஸ்வால்ட் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

“வணக்கம் மேடம். நான் முனிராஜ். பதினெட்டு வருஷமா...”

“தெரியும். அதாவது, படிச்சிருக்கேன்.” அவள் மேஜைமேல் இருந்த ஒரு பாரத்தை அவசரமாகக் கோப்புக்குள் தள்ளினாள். “உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“கேள்வி கேளும்மா. என்ன வேணா கேளு,” என்றார் சேஷகிரி.

“வேணாம் சார். ஆளைப் பாத்தாச்சு. முகத்துலயே உண்மை தெரியுது.” நாற்பத்தேழுக்கு நேராக ஒரு டிக் அடித்தாள். “கட்டுரை இன்னைக்கே பிரஸ்ஸுக்குப் போகுது. கங்கிராட்ஸ் சார்.”

சேஷகிரிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. வழியெல்லாம் ஆட்டோவில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். போக்குவரத்து நெரிசலுக்கே ஆதாரம் கேட்டவள், ஒரு முழு மனிதரை ஒரே பார்வையில் நம்பிவிட்டாளே.

சந்தோஷத்தில் ஓஸ்வால்டைப் பிரியாணிக் கடைக்கு அழைத்துப் போனார். இரண்டாவது பிளேட் வந்தபோது மனசு தாங்காமல் சொன்னார்.

“அசந்துட்டேன் ஓஸ்வால்ட். அந்தப் பொண்ணு யாரையும் லேசுல நம்பாது. உங்களைப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு. என்ன மாயம் பண்ணீங்க?”

ஓஸ்வால்ட் எலும்பை ஓரமாக வைத்தார்.

“நேத்தே அந்தப் பாப்பாவுக்கு முனிராஜுனு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே சார்.”