பீரோவில் விழுந்த பச்சை

ஆராய்ச்சி மாணவி லோயிஸ் வளர்த்த படிகம் பார்ப்பதற்குக் கற்கண்டுத் துண்டு மாதிரி இருந்தது. அதற்கான மூலக்கூறை வடிவமைத்தவர் அவளுடைய வழிகாட்டி தானியேல் சார். மூன்று வருடம் வரைந்து வரைந்து அழித்தார். கரைசலில் முதல் படிகம் தலைகாட்டிய வாரம், மணவூரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சோதனை எளிதுதான். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி படிகத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் பச்சையாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் மூன்று வருடமும் பாழ்.

அன்று ஆடிக் கிருத்திகை. மலைப்பக்கம் காவடி மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டிய ஆய்வகத்தில் லோயிஸ் லேசரைப் போட்டாள். எதிர்ச்சுவரில் பச்சைப் புள்ளி விழுந்தது.

அப்போது கரண்ட் போனது. லேசரும் சுவரில் இருந்த புள்ளியும் அணைந்தன. ஆனால் பக்கவாட்டில், பீரோக் கதவில், இன்னொரு பச்சைப் புள்ளி இருந்தது.

ஒளி நேர்கோட்டில்தான் போகும். பீரோவிலிருந்து படிகம் வழியாக அவள் பார்வை பின்னோக்கிப் போனது. அங்கே தானியேல் சாரின் ஸ்டூல் மட்டும் இருந்தது. ஸ்டூலுக்கும் படிகத்துக்கும் நடுவில் கையை நீட்டினாள். புள்ளி மறைந்தது. கையை எடுத்ததும் திரும்பி வந்தது.

உதவியாளர் வீரபத்திரன் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே வந்தார். "கரண்டு வர ஒரு மணி நேரம் ஆவுமாம்மா," என்றபடி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பச்சை அணைந்தது.

உட்கார்ந்த வேகத்திலேயே அவர் எழுந்துவிட்டார். பீரோவில் பச்சை மறுபடி வந்து நின்றது.

"இன்னாம்மா, ஸ்டூலு வெதுவெதுன்னு கீது," என்றார். "யாரு குந்திகினு இருந்தாங்க?"