வியாழக்கிழமை வெளிச்சம்

கலங்கரை விளக்கத்தின் நூற்றி எண்பது படிகளையும் பெருக்கி முடித்து, உச்சியில் சுற்றுலாக்காரர்கள் பதித்துவிட்டுப் போன விரல் தடங்களைக் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். கை மட்டும்தான் துடைத்தது. கண் கடலிலேயே கிடந்தது.

மூச்சு வாங்க மேலே வந்தாள், கீழே டிக்கெட் கொடுக்கும் அக்கா.

"உன் பையன் அட்டைப்பெட்டிக்குள்ள ராஜா மாதிரி தூங்கறான். அதை விடு. ஆபீசர் வந்திருக்கார். இந்தத் தரைப் பலகை கருகியிருக்காம். போன வியாழக்கிழமை யாரோ திரையைத் திறந்திருக்காங்க."

அவள் கையில் துணி நின்றது.

பகலில் அந்தப் பெரிய லென்ஸைச் சுற்றித் திரை மூடியே இருக்க வேண்டும். வெயில் பட்டால் பூதக்கண்ணாடி மாதிரி பக்கத்தில் இருப்பதைக் கருக்கிவிடும். கலங்கரை விளக்கத்தைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்ட பிறகும் மாறாத சட்டம் அது ஒன்றுதான்.

திறந்தது அவள்தான்.

புருஷன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். வியாழன்தோறும் நாலு மணிக்கு அந்தக் கப்பல் தூரத்தில் கடந்து போகும். இந்தக் கரையில் நிற்காது. பையனுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது, அப்பன் இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம்.

போன வியாழன் இரண்டே நிமிடம் திரையை விலக்கினாள். மறுநாள் போனில் கேட்டான்: "கோபுரத்துல பளிச்சுன்னு மின்னுச்சே, அது நீதானே?"

"ஆமா" என்றாள். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த நாட்களை ஓட்டினாள்.

"மணிக்கூண்டு உன்னைத்தான் கைகாட்டப்போறார், பாரு" என்றாள் அக்கா.

மணிக்கூண்டு என்றால் விளக்குக்காரர். முப்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை என்பதால் வந்த பேர். படியில் ஒரு காகிதம் கிடந்தால் போதும், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஆபீசரும் மணிக்கூண்டும் ஏறி வந்தார்கள். ஆபீசர் குனிந்து கருகிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு" என்றார் மணிக்கூண்டு.

'சொன்னேன்ல?' என்று கண்ணாலேயே கேட்டாள் அக்கா.

ஆபீசர் அவள் பக்கம் திரும்பினார். "பத்து பேர் நிக்கிற இடம் இது. தீப்பிடிச்சிருந்தா? நீதான் திறந்தேன்னா இன்னையோட வேலைக்கு வர வேண்டாம்."

அவள் கண் கடலுக்குப் போனது. வேலை போனால் போகட்டும். இனி இந்த உச்சிக்கு வர முடியாதே.

"நான்தான் சார்" என்றார் மணிக்கூண்டு.

"என்னது?"

"லென்ஸைத் துடைச்சேன். மூட மறந்துட்டேன்."

"நீங்களா? உங்களைப் பார்த்துல்ல ஊரே கடிகாரத்தைத் திருப்பி வைக்குது."

"வயசாகுதுல்ல சார். மறதி."

ஆபீசர் நம்பாமல்தான் பார்த்தார். ஆனாலும் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். ஓய்வு பெற நாலே மாதம் இருக்கும்போது, மணிக்கூண்டின் வாழ்க்கையில் முதல் மெமோ.

ஆபீசரோடு அக்காவும் இறங்கிப் போனாள். அவள் துணியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"ஐயா, அந்தத் திரையை நான்தான்..."

"கீழ பையன் அழறான். போம்மா."

அவள் இரண்டு படி இறங்கினாள். மெமோவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே மணிக்கூண்டு சொன்னார்:

"நாளன்னிக்கு வியாழக்கிழமை. பலகை மேல ஈரச் சாக்கை விரிச்சு வை. சரியா நாலு மணிக்கு எனக்கு மறுபடியும் மறதி வரும்."