துப்பாக்கிப் பெட்டிக்குள்

ஜெர்மனியில் செய்து கப்பலேறி வந்த அந்தக் கைத்துப்பாக்கியால் ஜமீன்தார் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஒரு குண்டு வெடித்ததும் அடுத்தது தானாகவே வந்து நிற்கும் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்ததோடு சரி. அதற்கென்றே ஒரு மரப்பெட்டியும் உண்டு. அந்தப் பெட்டியையே துப்பாக்கியின் பின்னால் மாட்டினால், தோளில் சாய்த்துச் சுடும் கட்டையாகிவிடும். இரண்டும் யாருக்கு என்றுதான் அவருடைய பேரன்கள் மருதப்பனும் சேதுராயனும் முகம் பார்த்துப் பேசாமல் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்கள்.

தீர்ப்பு நாளன்று மருதப்பன் புதுச்சட்டை போட்டு வந்திருந்தான். வழக்குப் பொருள்களை வைக்கும் கோர்ட் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேதவல்லி, துப்பாக்கியை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"பெட்டி எங்கம்மா?" என்றார் நீதிபதி.

"அதுக்குள்ள அணில் குட்டி போட்டிருக்குங்கய்யா. இன்னும் கண்ணு தொறக்கல."

நீதிபதி எழுந்து சாமான் அறைக்குப் போனார். மொத்தக் கோர்ட்டும் பின்னாலேயே போனது. பழைய வழக்குக் கட்டுகளின் சிவப்பு நாடாக்களை நார்நாராகக் கிழித்துப் போட்ட மெத்தையில், சுண்டுவிரல் பருமனுக்கு மூன்று குட்டிகள் நெளிந்தன. மருதப்பன் குனிந்தபோது அவன் தோளில் யாரோ கையூன்றி எட்டிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கடா. எனக்கும் தெரியட்டும்." சேதுராயனின் குரல்.

மருதப்பன் தள்ளிக்கொண்டான். "மெதுவாப் பேசுடா. முழிச்சிக்கப் போவுது."

ஆளில்லாத கோர்ட்டில் துப்பாக்கி மேசைமேல் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.