ஜிம்மி பின்னால் வருகிறான்

அந்த ஆங்கிலக் கிராமத்துக் காட்டுப்பாதையில் கனகசூரியர் ஆறு வருடமாக நாயோடு நடந்தவர். எதிரே வருகிறவர்கள் குனிந்து நாயைத் தடவி அதன் பெயரைக் கேட்பார்கள். ஆளின் பெயரைக் கேட்பது அங்கே வழக்கமில்லை. அவரை 'ஜிம்மியின் அப்பா' என்பார்கள், அவ்வளவுதான். ஜிம்மி செத்த மறுநாள் அவர் வெறுங்கையை வீசிக்கொண்டு போனார். ஒரு முகமும் நிமிரவில்லை. எத்தனையோ நாள் ஜிம்மியைக் கொஞ்சிய ஸ்பானியல் நாய்க்காரி கூட, தன் நாயை இழுத்துப் பிடித்தபடி பாதையின் ஓரமாக ஒதுங்கிப் போனாள். அடுத்த நாள் ஜிம்மியின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு போனார். "எங்கே ஜிம்மி?" என்றார்கள், வாயெல்லாம் சிரிப்பாக. "பின்னால் வருகிறான்" என்றார். பொய் பத்து நாள் தாங்கியது. இன்று ஸ்பானியல்காரி நின்றுவிட்டாள். "சருகுச் சத்தமே கேட்கவில்லையே, தொலைந்துவிட்டானா?" பதிலுக்குக் காத்திராமல் "ஜிம்மீ!" என்று கூப்பிட்டாள். பின்னால் வந்த கிழத் தம்பதியும் கூப்பிட்டார்கள். ஓடைக்கு அப்பால் யாரோ முகம் தெரியாதவரும் கூப்பிட்டார். "அகப்பட்டால் ஃபோன் பண்ணுகிறேன்" என்று கைபேசியை எடுத்தாள். "உங்கள் பெயர்?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் பெயரையும் சேர்த்து, எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் பதிந்து முடிப்பதற்குள், சட்டைப்பையில் கிடந்த பிஸ்கட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தபடி, காட்டைப் பார்த்து எல்லாரையும்விட உரக்கக் கூப்பிட்டார்.